மண்ணிற் பிறந்த மாவும் புள்ளும்

சூத்திரகர் இயற்றிய வடமொழி நாடகம் ஒன்றினைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ‘மண்ணியற் சிறுதேர்’ என்னும் பெயரால் தமிழாக்கித் தந்துள்ளார். வறுமையுற்ற சாருதத்தனின் மைந்தன் உரோகசேனன் அண்டைவீட்டுச் சிறுவனது பொற்றேரை வைத்து விளையாடியவன். அத்தேர் உரியவனிடம் போய்விடவே பணிப்பெண் மண்ணால் ஒரு சிறுதேர் செய்து கொடுக்கின்றாள். சிறுவனோ மண்தேர் வேண்டாம், பொற்றேரே வேண்டும் என்று அழுகின்றான். அதுகண்டு உளமிரங்கிய வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி அம்மண்தேரை நிரப்பி, இவற்றைக்கொண்டு பொற்றேர் செய்வித்துக்கொள் என்கின்றாள். நாடகத்தின் பெயர்க்காரணம் ஆகிய இக்காட்சியிலே மண்ணின் மதிப்பும் பொன்னின் மதிப்பும் எதிரெதிர் நிற்கின்றன.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி பெரியபுராணத்தில் உண்டு. தில்லையில் வாழ்ந்த குயவரான திருநீலகண்ட நாயனார் அடியார்களுக்குத் திருவோடு வனைந்து அளித்துவந்தவர். சிவயோகியார் வடிவில் வந்த இறைவன் ஓர் ஓட்டினை அவரிடம் அடைக்கலமாக வைத்துப் பின்பு அதனை மறையச் செய்து, தன் ஓட்டைத் தருமாறு கேட்கின்றார். காணாது கலங்கிய நாயனார் வேறொரு நல்ல ஓடு தருவதாக வேண்டுகின்றார். தாம் வைத்த மண்ணோட்டினையன்றிப் பொன்னோடு தரினும் கொள்ளேன் என யோகியார் மறுக்கின்றார். அழுத சிறுவன் மண்ணைத் தள்ளிப் பொன்னைக் கேட்டான். யோகியார் பொன்னைத் தள்ளி மண்ணையே கேட்டார். அதுவும் ஏதோ ஒரு மண்ணோடு அன்று, ‘அந்த’ மண்ணோடு.

கையால் வனையப்பட்ட மண்பொருளின் இயல்பு முழுவதும் இவ்விரு நிகழ்ச்சிகளுக்கிடையே அடங்கியுள்ளது எனலாம். விலையால் அது கீழ்ப்பட்டது. ஆயினும் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாத தன்மை அதற்குண்டு. விளையாட்டுணர்வோடு செய்யப்படும் மண்விலங்குகள், கலங்களின் மேல் தீட்டப்படும் விலங்கோவியங்கள், ஒருவர் கேட்க அவர்க்கெனவே வனைந்து கொடுக்கப்படும் தனிப்பொருள்கள் ஆகியவற்றைப் பற்றி ஆராயப் புகுவார்க்கு இத்தன்மையே முதலில் நினைவுகொள்ளத் தக்கது. இவை வெறும் விளையாட்டுப் பொருள்களே, கலையென எண்ணத்தக்கன அல்ல என்பார் உளர். பிறர் கேட்பச் செய்வது வாணிகமே, கலையன்று என்பாரும் உளர். இவ்விரு கருத்தும் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

யாழ்ப்பாணத்துத் தீவக மக்களுக்கு மண்கலம் புதுமையான பொருளன்று. ஊர்காவற்றுறைக்கு அயலேயுள்ள நாரந்தனை போன்ற ஊர்களில் நிலத்தின் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். ஆறென ஒன்று அங்கு ஓடுவதில்லை. ஆயினும் தைப்பொங்கலன்று முற்றத்தில் ஏறுவது புதுப்பானை. கார்த்திகை விளக்கீட்டில் எரிவது மண்விளக்கு. இறுதியாத்திரையில் தோள்மீது செல்வது கொள்ளிக்குடம். பிறப்பு முதல் இறப்பு வரை மண்கலம் உடன்வருகின்றது. வனப்புமிக்க அயல்நாட்டுக் கலங்களையும் இத்தீவு முன்னரே கண்டிருக்கின்றது. நாரந்தனை அமைந்த அதே வேலணைத் தீவின் கிழக்குப்புறத்தே உள்ள அல்லைப்பிட்டியில் சீனத்து வடசுங் அரசர் காலத்துப் பீங்கான் துண்டுகள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. 2018ஆம் ஆண்டிலே சாங்காய் அரும்பொருளகத்து ஆய்வாளர் அங்கு அகழ்வு நடத்தினர். தென்சீனத்துச் சூளைகளிற் சுடப்பட்ட கிண்ணங்களும் சாடிகளும் ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இக்கரையில் இறங்கின என்பது அவற்றால் விளங்கும்.

அக்காலத்தே இத்துறைக்கு விலங்குகளும் கப்பலில் வந்தன. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஊராத்துறையில் வந்திறங்கும் அயல்நாட்டு வணிகர்க்குரிய ஒழுங்குகளைக் கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் உரியன. பிற சரக்கேற்றிய கப்பல் உடைந்தால் இருபாலார்க்கும் செம்பாதி. குதிரை கடல் கடந்து வந்த அரும்பொருள் என்பதனை இவ்விதி காட்டும். அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் உரியதாயிருந்த அக்குதிரையை, அதனை வாங்கும் ஆற்றலற்ற நாட்டுப்புற மக்கள் எங்ஙனம் தமதாக்கிக்கொண்டனர் என்பதைப் பின்னர்க் காண்போம். அதற்குமுன் மண் எவ்வாறு விலங்காகின்றது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

களிமண் பாறைகள் நெடுங்காலம் சிதைவுற்றமையால் உண்டானது. அதன் துகள்கள் மெல்லிய தகடுகள் போல்வன. தகடுகளின் இடையே நீர் நிற்பதால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அதனாலேயே பிசைந்த மண் எவ்வடிவுக்கும் இணங்குகின்றது. உலரும்போது அந்நீர் நீங்க, மண் சுருங்கி இறுகும். அந்நிலையில் மீண்டும் நீரில் இட்டால் அது கரைந்து பழைய சேறாகும். சூளையில் வெப்பம் செல்சியசு அளவில் 500 முதல் 600 பாகையைத் தாண்டும்போது மண்ணின் அமைப்போடு பிணைந்திருந்த நீரும் வெளியேறுகின்றது. அதன்பின்னர் அது கரையாது. சேறாக மீளும் வழி அடைபட்டுவிடுகின்றது. 1000 பாகை வரையிற் சுடப்படுவது செந்நிறச் சுடுமண். 1200 பாகைக்கு மேற் சென்றால் துகள்கள் ஓரளவு உருகி ஒட்டிக் கல்லைப்போல இறுகும். வெண்களியோடு பிற கனிப்பொருள்களைச் சேர்த்து 1300 பாகையளவிற் சுட்டால் ஒளி ஊடுருவும் பீங்கான் கிடைக்கும். அவ்வெண்களி இலங்கையில் பொரலஸ்கமுவைப் பகுதியிற் கிடைக்கின்றது.

குடம் வனைவோன் சக்கரத்தின் துணையைப் பெறுகின்றான். சக்கரம் தருவது வட்டமே. விலங்குக்கோ நாலு கால், வளைந்த முதுகு, ஒருபக்கம் திரும்பிய தலை, வால் ஆகியன வேண்டும். ஆகவே பெரும்பகுதி வேலை கைவிரல்களையே சார்ந்தது. மண்ணைக் கயிறாகத் திரித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியும், தகடாகத் தட்டி வளைத்தும், சக்கரத்தில் வனைந்த உருண்டைகளைப் பொருத்தியும் உடலை எழுப்புவர். உட்புறம் வெறுமையாயிருத்தல் வேண்டும். தடித்த மண்ணின் உள்ளே ஈரம் தங்கினால் அது சூளையில் நீராவியாகி உருவத்தை வெடிக்கச் செய்யும். காற்றும் ஆவியும் வெளியேற வயிற்றின் அடியிலோ வாயிலோ ஒரு துளை விடுவர். உடலுக்கு ஏற்ற தடிப்பில் காலில்லையேல் ஈரமண் தன் பாரத்தைத் தானே தாங்காது அமர்ந்துவிடும். மண்யானையின் கால் தூண்போலப் பருத்திருப்பதும் மண்பூனை பெரும்பாலும் சுருண்டு படுத்திருப்பதும் இதனாலேயே. கலைஞனின் விருப்பம் பாதி, மண்ணின் விருப்பம் பாதியாகவே ஒவ்வோர் உருவமும் பிறக்கின்றது.

நிறம் தீட்டுதலில் இன்னுமொரு வியப்பு உண்டு. தாளிலும் துணியிலும் வரையும் ஓவியன் தான் இட்ட நிறத்தை உடனே காண்கின்றான். கலத்தின்மேல் விலங்கு வரைபவனுக்கு அவ்வசதி இல்லை. அவன் பயன்படுத்துவன உலோகங்களின் ஒட்சைட்டுக்கள். கோபாற்று நீலத்தையும், இரும்பு செம்மை முதல் கருமை வரையான நிறங்களையும், செம்பு பச்சையையும் தரும். தீட்டும்போது இவை மங்கிய பொடிகளாகவே தோன்றும். மேலே பூசப்படும் மெருகோ காய்ந்த மாக்குழம்பு போன்றது. சூளையில் மெருகு உருகிக் கண்ணாடியாகி நிறங்களைத் தழுவிய பின்னரே மயிலின் கழுத்து நீலமாகின்றது. வெப்பம் மிகுந்தால் கோடு கலைந்து வழியும். குறைந்தால் ஒளி பிறவாது. சூளையைத் திறக்கும் நாள் வரையில் ஓவியனும் தன் படத்தைக் கண்டவனல்லன்.

இக்கலையின் தொன்மை வரலாற்றுக்கு எட்டாதது. சிந்துவெளி நகரங்களில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுடுமண் வண்டிகளும், பறவை வடிவான ஊதுகுழல்களும், தலையசைக்கும் காளைகளும் கிடைத்துள்ளன. அக்காளையின் தலை தனியே செய்யப்பட்டு ஒரு நூலால் இயங்குமாறு பொருத்தப்பட்டது. பெரும் மதில்களையும் கழிவுநீர் வாய்க்கால்களையும் அமைத்த மக்கள், குழந்தை சிரிப்பதற்காகக் காளையின் தலையை ஆட்டுவிக்கும் வழியையும் எண்ணிப்பார்த்திருக்கின்றனர். சங்கத் தமிழரும் இதற்குப் பிற்பட்டவரல்லர். தச்சன் செய்து கொடுத்த சிறிய குதிரைவண்டியை ஏறிச்செல்ல இயலாவிடினும் கையால் இழுத்து மகிழும் சிறுவரைக் குறுந்தொகையின் 61ஆம் பாட்டு உவமையாகக் காட்டுகின்றது. ஏறமுடியாத தேரும் இன்பம் தரும் என்பது விளையாட்டுப் பொருளின் இலக்கணம் முழுவதையும் கூறிவிடுகின்றது.

ஒருவர் தமக்கென வேண்டிப்பெறும் தனிக்கலத்துக்கும் சங்க இலக்கியத்திலே சான்று உண்டு. புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் குயவனை விளித்து, இறந்துபட்ட சோழன் கிள்ளிவளவனின் பெருமைக்கு ஏற்ற தாழியை எவ்வாறு வனைவாய் என வினவுகின்றார். 256ஆம் பாட்டிலே கணவனை இழந்த பெண்ணொருத்தி குயவனிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றாள். தன் கணவனைப் புதைக்கும் தாழியைத் தனக்கும் இடம் இருக்குமாறு அகலமாக வனையும்படி அவள் கேட்கின்றாள். கேட்பவரின் அளவுக்கும் கருத்துக்கும் இணங்க ஒரு பொருளைச் செய்வித்தல் என்பதற்கு இதனினும் உருக்கமான எடுத்துக்காட்டு யாண்டும் இல்லை. அத்தாழியின் அகலம் எந்த அளவுகோலாலும் வந்ததன்று. ஒரு பெண்ணின் துயரத்தால் வந்தது. குயவன் தொழில் பிறர் உள்ளத்தை மண்ணில் ஏற்றும் தொழில் என்பதை அப்புலவர் நன்கு அறிந்திருந்தார்.

இவ்விரு மரபும், அதாவது விளையாட்டும் வேண்டுகோளும், ஒன்றுசேர்ந்த இடமே தமிழ்நாட்டு ஐயனார் கோயில்களின் மண்குதிரை. யாழ்ப்பாணத்தாருக்கும் ஐயனார் அயலாரல்லர். அனலைதீவிலும் காரைநகர் வியாவிலிலும் ஐயனார் கோயில் கொண்டுள்ளார். இங்கே திருவிழாவின்போது மரத்தாலான குதிரை வாகனம் தெருவில் வருதல் வழக்கம். பாக்குநீரிணைக்கு அப்பால் புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பகுதிகளிலோ ஊர்ப்புறத்துத் தோப்பில் மண்குதிரைகள் அணிவகுத்து நிற்கின்றன. இரவிலே ஊரைச் சுற்றிக் காவல்புரியும் ஐயனார்க்கும் அவர்தம் பரிவாரங்களுக்கும் அவை ஊர்திகள். மழை பெய்தல், நோய் நீங்குதல், மகப்பேறு வாய்த்தல் முதலிய வேண்டுதல்கள் நிறைவேறினால் மக்கள் குதிரை எடுப்பதாக நேர்ந்துகொள்வர். கப்பலில் வந்த குதிரையை வாங்க இயலாத உழவன், குயவன் கையால் ஒரு குதிரையைப் படைப்பித்துத் தெய்வத்துக்கே கொடுத்துவிடுகின்றான்.

இக்குதிரைகளைச் செய்வோர் வேளார் எனப்படும் குயவர். பல கோயில்களில் அவர்களே பூசைபுரிவோருமாவர். திருவிழாவுக்கு முன்னர் ஊரார் கோயில் நிலத்திலோ குளத்திலோ ஒருபிடி மண்ணெடுத்து வேளாரிடம் கொடுப்பர். இதற்குப் ‘பிடிமண்’ என்று பெயர். இந்நாளில் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்வதற்கு ஒப்பானது இது. ஆயினும் கைமாறுவது பணமன்று, ஊரின் மண். அதனை வேளார் தாம் பிசையும் களியோடு சேர்க்கின்றார். பின்னர் மணலும் உமியும் கலந்து பதமாக்கிய மண்ணால் நாலு கால்களைக் குழாய்களாக எழுப்பி, அவை இறுகியபின் வயிற்றையும் மார்பையும் கழுத்தையும் ஏற்றுவார். ஒவ்வொரு நாளும் சிறிதளவே உயர்த்தலாம். கீழ்ப்பகுதி காயாமல் மேற்பகுதியைத் தாங்காது. மணியும் கடிவாளமும் சேணமும் மண்ணாலே ஒட்டப்படும். ஆளுயரத்தையும் மிஞ்சிய பெருங்குதிரைகளை நின்ற இடத்திலேயே வைக்கோல், வறட்டி, விறகு ஆகியவற்றால் மூடிச் சுடுவதும் உண்டு. இறுதியில் வண்ணம் தீட்டிக் கண்திறக்கும் சடங்கு நடைபெறும். கண்திறக்கும் வரையில் அது மண். அதன்பின்னரே தெய்வத்தின் ஊர்தி.

அக்குதிரைகளின் முகத்தை நோக்கினார்க்கு ஓர் உண்மை புலப்படும். அவை உண்மைக் குதிரையின் படியல்ல. கண்கள் உருண்டு வெளியே தள்ளியிருக்கும். வாய் பல்லைக்காட்டிச் சிரிப்பதுபோல இருக்கும். கழுத்து நிமிர்ந்து இறுமாந்திருக்கும். காவல் குதிரை அச்சம் விளைத்தல் வேண்டும். ஆயினும் குயவனின் விரல் அச்சத்தினிடையே நகையையும் வைத்துவிடுகின்றது. பெருங்குதிரைக்கு அருகே நேர்த்திக்கடனாக வந்த சிறிய மண்மாடுகளும் நாய்களும் கிடக்கும். நோயுற்ற மாடு பிழைத்தமைக்கு மண்மாடு. பிள்ளை பிழைத்தமைக்கு மண்பொம்மை. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பத்தின் கதை இருக்கின்றது. மழையில் நனைந்து வெயிலில் வெடித்து அவை உடைந்துபோனாலும் எவரும் வருந்துவதில்லை. கொடுத்தவுடன் நேர்த்தி நிறைவேறிவிட்டது. அடுத்த விழாவுக்குப் புதியது பிறக்கும்.

மேலைநாட்டில் இதே உணர்வு வேறு வழியால் வந்தது. இங்கிலாந்தில் ஆலைகள் ஒரேவகைக் கலங்களை ஆயிரக்கணக்கில் வெளியிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டில், மாட்டின் என்னும் குடும்பப்பெயருடைய உடன்பிறந்தார் நால்வர் 1877ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அணித்தான சவுத்தோல் என்னும் இடத்திற் சூளை அமைத்தனர். அவர்களுள் மூத்தவரான இராபர்ட் வாலசு மாட்டின் பறவை வடிவான சாடிகளைச் செய்தார். தலையைக் கழற்றினால் அது மூடி. உடல் புகையிலை வைக்கும் சாடி. ஒவ்வொரு பறவையின் முகத்திலும் கள்ளப்பார்வையும், தற்பெருமையும், அறிவுடையார்போல் நடிக்கும் பாவனையும் காணப்படும். மனிதர்தம் குறைகளைப் பறவையின் மேலேற்றி அவர் நகைத்தார். அவற்றின் மெருகு உப்பினால் ஆயது. கொதிக்கும் சூளையில் உப்பை எறிய, அதன் ஆவி மண்ணிலுள்ள மணற்சத்தோடு சேர்ந்து மெல்லிய கண்ணாடித்தோலாகப் படியும். உப்பின் பெருமையை நன்கறிந்த நெய்தல்நிலத்தார்க்கு இச்செய்தி இனிதாகும்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்புகழ் ஓவியரான பிக்காசோ 1947ஆம் ஆண்டு முதல் பிரான்சின் வலோரி என்னும் குயவர் ஊரிலே மண்வேலையில் ஈடுபட்டார். தேர்ந்த குயவர் சக்கரத்தில் வனைந்த சாடியை ஈரம் உலருமுன் வளைத்து மடித்துப் புறாவாக்கினார். தட்டின் குழிவைக் காளைப்போர்க் களமாக்கினார். சாடியின் வயிற்றில் ஆந்தையின் கண்களைத் தீட்டினார். உலகப் போரின் துயரம் ஆறாத அக்காலத்தில், அறுபதைக் கடந்த ஒருவர் மண்ணோடு விளையாடியது சிறுபிள்ளைத்தனம் எனச் சிலர்க்குத் தோன்றியிருக்கலாம். இழந்த மகிழ்ச்சியை மீட்கும் வழிகளுள் விளையாட்டும் ஒன்று என்பதை அவ்வுருவங்கள் உணர்த்துகின்றன.

இந்தியாவிலே நாட்டுப்புறக் குயவரின் மரபையும் புதுக்கல்வியின் பயிற்சியையும் இணைக்கும் முயற்சிக்குப் பரோடாப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப்பீடம் சிறந்த களமாயிற்று. அதற்கு வழிகாட்டியவருள் ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன். 1924ஆம் ஆண்டில் மலையாளக்கரையிலுள்ள கூத்துப்பறம்பில் தமிழ்க்குடியிற் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியிற் பொருளியல் கற்று, விடுதலைப்போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறைசென்று, பின்னர்ச் சாந்திநிகேதனத்தில் நந்தலால் போசு முதலியோரிடம் ஓவியம் பயின்றவர். இலக்னோவில் உள்ள இரவீந்திராலய அரங்கத்துக்கு 1963ஆம் ஆண்டில் பெரிய சுடுமண் சுவர்ச்சித்திரம் ஒன்றை அமைத்தார். அவரே பரோடாவிற் கலைச்சந்தைக்கென மரத்தாலும் தோலாலும் மணியாலும் வேடிக்கையான விலங்குப் பொம்மைகளைச் செய்தார். 2012ஆம் ஆண்டிற் பத்மவிபூசண் விருது பெற்ற பேரறிஞர் பொம்மை செய்வதை இழிவாக எண்ணவில்லை என்பது கருதற்பாலது. அவர் 2016ஆம் ஆண்டில் மறைந்தார்.

அதே சூழலில் வளர்ந்தவர் சோத்சனா பட் அம்மையார். 1940ஆம் ஆண்டு கச்சுப் பகுதியின் மாண்டவியிற் பிறந்த இவர் பரோடாவிற் சங்கோ சௌதுரியிடம் சிற்பம் கற்று, அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவின் புரூக்கிலின் அரும்பொருளகக் கலைப்பள்ளியில் மண்கலைப் பயிற்சி பெற்றார். 1972ஆம் ஆண்டு முதல் பரோடாவில் மண்கலைத்துறையிற் கற்பித்து, 2002ஆம் ஆண்டில் அத்துறையின் தலைவராக ஓய்வுபெற்றார். 2020ஆம் ஆண்டு யூலை மாதத்திற் காலமானார். ஓவியரும் ஒளிப்படக் கலைஞருமான சோதி பட் இவர்தம் கணவர். அம்மையாரின் பெயரைக் கேட்டவுடன் அறிந்தார் நினைவுக்கு வருவன அவர்தம் பூனைகள். ஆந்தைகள், நாய்கள், பறவைகள், தாமரை மொட்டுகள் ஆகியனவும் அவர் கையிற் பிறந்தன.

அப்பூனைகளிலே மயிரும் நகமும் தனித்தனியே காட்டப்படுவதில்லை. வளைந்த முதுகு ஒன்று, சிறிது சாய்ந்த தலை ஒன்று, உடலைத் தழுவிக் கிடக்கும் வால் ஒன்று, அவ்வளவே. பளபளக்கும் மெருகை விடுத்து, நீலப்பச்சையும் பாசிநிறமும் போன்ற அடங்கிய ஒளியுடைய பூச்சுகளை அவர் விரும்பினார். சிற்பம் பயின்ற கை தேவையற்றதைக் களைந்துவிடுகின்றது. குயவன் உள்ளம் வட்டத்தின் நிறைவை நாடுகின்றது. இவ்விரண்டும் சேரும்போது பூனை என்னும் விலங்கின் சோம்பலும் தற்பற்றும் மட்டுமே எஞ்சுகின்றன. பார்ப்பவர் புன்னகை புரியாதிருத்தல் அரிது. நகைப்பூட்டல் எளிய செயலெனக் கருதுவோர் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பூனையொன்று செய்து பார்ப்பாராக. உருவம் வரும், உறக்கம் வராது.

இனி, முதலில் எழுப்பிய ஐயங்களுக்கு வருவாம். பிறர் வேண்டச் செய்வது கலையாகாது என்னும் கருத்து மிகப் பிற்காலத்தது. யாழ்ப்பாணத் தமிழ்க்குடி வழிவந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947) இக்கருத்தை வாழ்நாள் முழுவதும் மறுத்து எழுதியவர். இலங்கைக் கனிப்பொருளாய்வுத் துறையின் தலைவராய் ஊரூராகக் கல்லையும் மண்ணையும் ஆராயச் சென்ற அவர், அவ்வூர்களின் கைவினைஞர்களைக் கண்டு அவர்தம் தொழிலை ஆராயத் தொடங்கினார். அதன் விளைவாக 1908ஆம் ஆண்டில் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது நூலிலே குயவர் தொழிலும் இடம்பெற்றது. கலைஞன், கைவினைஞன் என்னும் பிரிவினை நம் பழைய மரபுக்கு உரியதன்று என்பதும், ஒரு தேவைக்காகவும் ஒருவர் பொருட்டும் நன்கு செய்யப்படுவதே கலை என்பதும் அவர்தம் கொள்கையின் சாரம். இக்கொள்கைப்படி பிடிமண் வாங்கிய வேளார் எவ்வகையிலும் குறைந்தவரல்லர். கேட்டவர்க்குத் தனிக்கலம் வனையும் இக்காலக் கலைஞரும் குறைந்தவரல்லர்.

வேண்டுகோள் கலைஞனைக் கட்டுப்படுத்தும் என்பது உண்மையே. ஆயினும் யாப்பும் புலவனைக் கட்டுப்படுத்துகின்றது. அதனால் பாட்டு இறந்துபடுவதில்லை. இன்று மேலைநாடுகளிலும் நம் நாடுகளிலும் தாம் வளர்த்த நாயோ பூனையோ இறந்தபின், அதன் புள்ளியும் மடிந்த காதும் தோன்றுமாறு ஓர் உருவமோ ஓவியத்தட்டோ செய்துதரக் கேட்போர் உளர். சிலர் இதனை வீண்செலவு என நகைப்பர். புறநானூற்றுப் பெண்ணின் வேண்டுகோளை நினைவார் அவ்வாறு நகையார். இழந்ததை மண்ணிலேனும் வைத்துக்கொள்ள விழைதல் மனித இயல்பு. அவ்விழைவு பெரிதாயினும் சிறிதாயினும் அதற்குச் செவிசாய்ப்பவன் மண்ணைக் கையாள்பவனே.

ஆயின் மதிப்பில் ஒரு வேறுபாடு இருக்கின்றது; அதனை மறைத்தல் நேர்மையன்று. பரோடாவிற் செய்த பூனை கண்ணாடிப் பேழையில் வைக்கப்படுகின்றது. செய்தவர் பெயர் அறியப்படுகின்றது. தோப்பிலே நிற்கும் குதிரையைச் செய்தவர் பெயர் அவ்வூரைத் தாண்டுவதில்லை. அலுமினியமும் பிளாத்திக்கும் வந்தபின் குயவனின் பானைக்கு வாங்குவோர் குறைந்தனர். எஞ்சியிருந்த குதிரைத் தொழிலுக்கும் சீமெந்து போட்டியாயிற்று. ஒருமுறை கட்டினால் பல ஆண்டு நிற்கும் என்று ஊரார் பலர் சீமெந்துக் குதிரையை நாடுகின்றனர். அது நிற்கும் என்பது உண்மை. அதனாலேயே அடுத்த விழாவுக்குப் பிடிமண் கொடுக்கவேண்டிய தேவையும் நின்றுவிடுகின்றது. உடைந்து உடைந்து புதிதாகப் பிறந்தமையாலேயே அக்கலை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. உடையாத குதிரை குயவனின் மகனுக்கு எதனையும் கற்பிப்பதில்லை.

இந்நிலை முற்றும் நம்பிக்கையற்றதன்று. புதுச்சேரிக்கு அருகேயுள்ள வில்லியனூரைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் முனுசாமி அவர்களுக்கு 2020ஆம் ஆண்டிற் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. அதே புதுச்சேரியில் 1971ஆம் ஆண்டில் இரே மீக்கர், தெபோரா சுமித் என்னும் அமெரிக்கர் இருவர் அமைத்த பொற்பாலக் கலக்கூடத்திலே, கல்போல் இறுகும் கலங்களைச் செய்யும் முறையை இந்தியாவின் பல பகுதியினரும் கற்றனர். மரபுவழிக் குயவரும் கல்லூரியிற் கற்ற கலைஞரும் ஒரே நிலத்தில், ஒரே மண்ணைப் பிசைகின்றனர். ஒருவர் அறிவது மற்றவர்க்குப் பயன்படுமாறு செய்தலே இனி வேண்டுவது.

இதில் பாடசாலைகளுக்கும் பங்குண்டு. எழுத்தும் எண்ணும் பயிலும் மாணவன் ஒருமுறையேனும் களிமண்ணைப் பிசைந்து ஒரு மாட்டையோ காகத்தையோ செய்துபார்த்தல் நன்று. கால் வளைந்து மாடு அமர்ந்துவிடும்; காகம் கோழியாகிவிடும். அத்தோல்வியிலே பொருளின் இயல்பை மதிக்கவும், கண்டதை மீண்டும் கூர்ந்து நோக்கவும், ஒரு பானையின் பின்னே எத்துணைப் பழக்கம் இருக்கின்றது என்பதை உணரவும் அவன் கற்கின்றான். அங்ஙனம் கற்றவன் பொங்கற்பானையை விலைபேசும்போது குயவனை வேறு கண்ணால் நோக்குவான்.

உரோகசேனன் தன் மண்தேரைத் தள்ளியது அதனைச் செய்தவளின் அன்பை அறியாத இளமையால். அழும் பிள்ளையின் கண்ணீரைத் துடைக்கவென்று ஒரு பணிப்பெண் தன் கையாற் செய்த தேர் அது. அவனுக்கென்றே செய்யப்பட்ட தேர். அவனுக்கு அது விளங்கவில்லை. நாடகத்தைப் படைத்த புலவருக்கு விளங்கியிருந்தது; அதனாலேயே பொற்றேரின் பெயரை விடுத்து மண்தேரின் பெயரைத் தம் நூலுக்கு இட்டார்.